ஆறு மணிக்கு வா

கோத்ரோய்ப்போ, 20 பிப்ரவரி 1994

அன்புள்ள நிவெஸ்,

நலமா என்று கேட்க மாட்டேன். போன கடிதத்தில் அந்தக் கேள்விக்கு நீ கொடுத்த அடியின் வீக்கம் இன்னும் வடியவில்லை. ஆகையால் மழையைப் பற்றிச் சொல்கிறேன். பெய்கிறது. கூரை ஒழுகுகிறது. ஏணியை எடுத்தேன். உன் தம்பி எல்வியோ ஓடி வந்து, "மேல ஏறாதீங்கப்பா, உங்க எடைக்கு ஓடு தாங்காது" என்றான். குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். ஓட்டின் பக்கம்தான் நியாயம் இருந்தது.

போனில் பேசினால் எனக்கு இந்த எழுத்துப் பாடு இல்லை. காலமெல்லாம் பேருந்து ஓட்டியவன் கையில் பேனா எந்தப் பக்கம் திருப்பினாலும் பள்ளத்தில் போய் விழுகிறது. ஆனால் உனக்குப் போன் ஆகாது. காதுக்குள் ஏற்கெனவே ஒருத்தன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவனை எதற்கு உள்ளே விட வேண்டும் என்கிறாய். சரிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு வராமல் தப்பிக்கத்தான் ஏணியையே எடுத்தேன். குழந்தை இரேனேயின் ஞானஸ்நானம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு என்று முடிவாகிவிட்டது. போன கோடையில் எல்வியோ உன்னிடம், "பொண்ணு பொறந்தா நீதான் ஞானத்தாய்" என்று வாக்குக் கொடுத்தான். கொடுத்தவன் இப்போது மனைவியின் முகத்தைப் பார்க்கிறான். மொரேனா சொல்கிறாள்: "மாமா, எனக்கு அவங்கமேல கோவமில்ல. ஆனா கோயில்ல சாமியார் கேள்வி கேக்கிறப்போ அவங்க வேற யாருக்காவது பதில் சொல்லிட்டா? கையில இருக்கிறது எம் பிள்ளை." ஊதினே நகரத்தில் அவளுக்கு ஒரு சித்தி மகள் இருக்கிறாளாம். கை உறுதியாம். வாலிபால் ஆடுகிறவளாம். பந்தை ஓங்கி அடிக்கிறவள் கையிலா பிள்ளையைக் கொடுப்பது என்று கேட்க நினைத்தேன். நினைத்ததோடு சரி.

நாம் கொஞ்சம் யோசிப்போம். "வேலை இருக்கிறது, வர முடியவில்லை" என்று நீயாகவே ஒரு வரி எழுதிவிட்டால் எல்லோருக்கும் மரியாதை. நாம் மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறோம் அல்லவா? குளிருக்குக் கம்பளிச் சட்டை போடுகிறோம் அல்லவா?

அன்புடன்
அப்பா ஒலீவோ

*

திரியெஸ்தே, 26 பிப்ரவரி

அப்பாவுக்கு,

நாம் மாத்திரை சாப்பிடவில்லை. நான் சாப்பிடுகிறேன். உங்களுக்கு இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை உண்டு. அதைப் பாதி நாள் மறந்துவிடுகிறீர்கள் என்று எல்வியோ எழுதினான். "நாம்" என்று கணக்குப் பார்த்தால் நம் குடும்பத்தில் மாத்திரை ஒழுங்கு கெட்டிருப்பது உங்களால்.

அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் நான் வீட்டை விட்டுப் போனேன். மனச்சிதைவு என்று டாக்டர் தாளில் எழுதிய நாளிலிருந்து உங்கள் வாயில் "நீ" காணாமல் போயிற்று. நாம் குளித்தோமா, நாம் தூங்கினோமா. கத்திகளை ஒளித்துவிட்டு, பாலாடைக்கட்டி வெட்ட எனக்குக் கரண்டி கொடுத்தீர்கள். பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லி, நீங்கள் ஓட்டிய பேருந்திலேயே ஏறினேன். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து, "நாம பத்திரமாப் போயிட்டு வந்துருவோம்" என்றீர்கள். நான் மட்டும் போனேன். வரவில்லை.

இங்கே என் அறைச் சாவி என்னிடம் இருக்கிறது. கூட இருக்கும் ஸ்தெங்கா குளிக்கும்போது பாடுகிறாள். அதற்கு மாத்திரை இல்லை. கூட்டுறவுக் காப்பிக்கடையில் காலை முறை என்னுடையது. ரொட்டி வெட்டக் கத்தி கொடுத்திருக்கிறார்கள், அப்பா. பெரிய கத்தி.

காதுக்குள் இருப்பவனைப் பற்றி நீங்கள் கேட்டதே இல்லை. போய்விட்டானா என்று மட்டும் கேட்பீர்கள். போகவில்லை. அவன் ஒரு டிக்கெட் பரிசோதகன். "டிக்கெட் இல்லாம ஏறிட்டே, எறங்கு" என்பான். கடையில் சொல்வான், படிக்கட்டில் சொல்வான். முன்பெல்லாம் இறங்கிவிடுவேன். வேலையிலிருந்து, பேச்சிலிருந்து, சாப்பாட்டு மேசையிலிருந்து. இங்கே மனநல மையத்தில் ஸ்லாவ்கோ என்று ஒரு செவிலியர் இருக்கிறார். அவரும் நானும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். பரிசோதகனுக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டேன். தொந்தரவு செய்தால், "இப்ப முடியாது, ஆறு மணிக்கு வா" என்று மனசுக்குள் சொல்வேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் சொல்வதைக் கேட்கவும் செய்வேன். வாக்கு வாக்குதான். பாதி நாள் அவனே வருவதில்லை. அரசாங்க ஊழியன்.

வேலை இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன். அன்றைக்கு எனக்கு ஒரே வேலை அதுதான். வருவேன். பிள்ளையைப் பிடிப்பேன். சாமியார் கேட்பதற்குப் பதில் சொல்வேன். மொரேனாவுக்கு வேண்டாம் என்றால் அதை மொரேனா என்னிடம் சொல்லட்டும்.

நிவெஸ்

*

கோத்ரோய்ப்போ, 9 மார்ச்

அன்புள்ள நிவெஸ் (நீ. நீ மட்டும். கவனித்துக்கொள்),

செவ்வாய்க்கிழமை உன் கடையில் வந்து நின்று, சும்மா கடலைப் பார்க்க வந்தேன் என்றேனே, பொய். கடலைப் பார்த்தால் எனக்கு வாந்தி வரும் என்று உனக்கே தெரியும். உன்னிடம் வருவதற்கு முன்னால் மையத்துக்குப் போனேன். திருட்டுத்தனமாக. ஸ்லாவ்கோ சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். "நீங்களே சொல்லுங்க, அதான் மரியாதை" என்று என் தலையில் கட்டிவிட்டார். ஆகவே சொல்கிறேன்.

வாசலில் பூட்டைத் தேடினேன். காணோம். உள்ளே யார் டாக்டர், யார் நோயாளி என்று பிடிபடவில்லை. வெள்ளைக் கோட்டு ஒன்றுகூட இல்லை. மூலையில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, "ரொம்ப நாளா இங்க இருக்கீங்களா? கவலப்படாதீங்க, சரியாயிரும்" என்றேன். "பதினோரு வருஷமா இருக்கேன். நீங்க சொன்னா சரி" என்றார். அவர்தான் தலைமை டாக்டர்.

அதற்குள் ஸ்லாவ்கோ வந்து, "என்ன பெரியவரே, ஃபுர்லான் ஆளு செவ்வாய்க்கிழமை வேலைய விட்டுட்டு வந்திருக்கீங்க, வீடு கீடு எரிஞ்சுபோச்சா?" என்றார். திரியெஸ்தேக்காரர் வாய். ஃபுர்லான் என்றாலே, எங்களைப் போன்ற சமவெளிக்காரர்கள் சாகும்போதும் மண்வெட்டியோடுதான் சாவோம் என்பது அவர்கள் எண்ணம். தவறும் இல்லை.

"அவ ஞானஸ்நானத்துக்கு வராம இருக்கிறதுதான் நல்லதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றேன்.

"அவளைப் பத்தி அவ இல்லாம பேசுற வழக்கம் இங்க இல்ல. எதிர்த்த கடையிலதான் இருக்கா. வாங்க, மூணு பேருமா உக்காந்து பேசுவோம்."

"அவ எதிர்ல எப்பிடிப் பேசுறது? பிள்ளையக் கீழ போட்டுட்டான்னா?"

"நீங்க பெத்ததுல எதையும் கீழ போட்டதில்லையா?"

யோசித்தேன். "எல்வியோவை ரெண்டு தடவை."

"அப்ப உங்களத்தான் கோயிலுக்கு விடக் கூடாது."

அங்கிருந்து நழுவித்தான் உன் கடைக்கு வந்து கப்புச்சீனோ கேட்டேன். நீ கண் மருந்து ஊற்றும் அளவில் ஒரு கோப்பையை வைத்தாய். "நீங்க கேட்டது இங்க இதுதான். உங்க ஊர்க் கப்புச்சீனோ வேணும்னா கஃபேலாத்தேன்னு கேக்கணும்." பக்கத்தில் நின்ற கிழவி, "ஃபுர்லானா? பாவம், வாளியில ஊத்திக் குடு" என்றாள். நீ சிரித்தாய். அதற்காக இன்னும் நாலு கிழவிகளிடம் நான் திட்டு வாங்கலாம். பெரிய கத்தியையும் பார்த்தேன். ரொட்டியை மெல்லிசாக வெட்டுகிறாய்.

இத்துடன் என் பழைய டிக்கெட் கட்டிலிருந்து ஒன்று வைத்திருக்கிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அந்தப் பரிசோதகன் வந்தால் முகத்துக்கு நேரே நீட்டு. அந்த ஜாதியை எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா

*

திரியெஸ்தே, 15 மார்ச்

அப்பா,

டிக்கெட் வந்தது. கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறேன். ஆனால் அவனிடம் செல்லவில்லை. "இது நேத்து டிக்கெட்" என்றுவிட்டான். ஜாதி தெரியும் என்றீர்களே.

திருட்டுத்தனமாக வந்ததற்குக் கோபம் இருக்கிறது. சொன்னதால் பாதியாகிவிட்டது.

இப்போது நான் சொல்வதை உட்கார்ந்து படியுங்கள். மருந்தைக் குறைத்திருக்கிறேன். நானாக இல்லை, டாக்டரோடு பேசி, ஸ்லாவ்கோவையும் கூட வைத்துக்கொண்டு. காரணம் என் கை. நீங்கள் கடையில் பார்க்காதது போல் பார்த்தீர்களே, கோப்பையை வைக்கும்போது தட்டில் கடகடவென்று சத்தம் வந்ததே, அது மருந்தின் நடுக்கம். அந்தக் கையோடு பிள்ளையைப் பிடிக்க எனக்கே மனசு வராது. டாக்டர் சொன்னார்: "குறைச்சா நடுக்கம் போகும். ஆனா அந்தாளு சத்தம் கூடலாம்." நான் சொன்னேன்: குரல் கேட்டுக்கொண்டே பிள்ளையைப் பிடிக்கலாம், நடுங்கிக்கொண்டே பிடிக்க முடியாது. இரண்டில் எது என்று நான்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

சறுக்கினால் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும்: பேச்சு குறையும், குழாயை மூட மறப்பேன், கடிதத்துக்குப் பதில் போடமாட்டேன். அப்போது யாரும் போலீஸ்காரரோடு வந்து நிற்க வேண்டாம். "என்ன வேணும்?" என்று கேட்டால் போதும். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு முதல் பாதி சுலபம்.

கோயிலில் நீங்கள் என் பின்னால் இடது பக்கம் நில்லுங்கள். அவன் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருவான். ஆள் நின்றால் கொஞ்சம் தயங்குவான். நான் தடுமாறினால் எனக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். பிள்ளையைப் பிடுங்கவும் விடாதீர்கள். அவ்வளவுதான் உதவி.

நிவெஸ்

*

கோத்ரோய்ப்போ, 19 மார்ச்

நிவெஸ்,

இன்று தந்தையர் தினம். உன்னிடமிருந்து எனக்கு வந்த பரிசு இந்தச் செய்தி.

உட்கார்ந்துதான் படித்தேன். மருந்தைக் குறைப்பதா? ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக? நான் பேருந்து ஓட்டினேன். இறக்கத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் அம்மா போன பிறகு எனக்கு இருந்த ஒரே வேலை உன்னைக் கீழே விழாமல் பார்த்துக்கொள்வது. அந்த வேலையிலிருந்து என்னை நீக்கிவிட்டாய், சரி. இப்போது நீ விழுவதை இடது பக்கம் நின்று வேடிக்கை பார்க்கச் சொல்கிறாய்.

மொரேனாவிடம் உளறிவிட்டேன். "பாத்தீங்களா?" என்று ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். எனக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

வாலிபால்காரி வரட்டும். பிள்ளைக்கு அத்தையாக நீ எப்போதும் இருக்கிறாய். போதாதா?

அப்பா

*

கோத்ரோய்ப்போ, 29 மார்ச்

நிவெஸ்,

பதில் இல்லை.

கிளம்பி வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று கோட்டைப் போட்டேன். பேருந்து நிறுத்தம்வரை போனேன். திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

என்ன வேணும்?

அப்பா

*

திரியெஸ்தே, 2 ஏப்ரல்

அப்பா,

என் பழைய பச்சைக் கோட்டு வேண்டும். மாடி அலமாரியில் இருக்கும். இஸ்திரி போட வேண்டாம், நீங்கள் போட்டால் முக்கோணமாகப் பொசுங்கும்.

ஒரு வாரம் மோசமாக இருந்தது. மறைக்கவில்லை. அவன் விடிந்ததிலிருந்து ஆரம்பித்தான். குழாயைத் திறந்து விட்டு மறந்தேன், கீழ்வீட்டுக்காரர் தலையில் தண்ணீர் சொட்டியது. நானே பையை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போய், "இங்கே சில நாள் படுத்துக்கொள்கிறேன்" என்றேன். எட்டுக் கட்டில் உண்டு, பூட்டு இல்லை, நீங்கள்தான் தேடிப் பார்த்தீர்களே. யாரும் என்னைக் கட்டவில்லை. ஸ்லாவ்கோ என்னோடு சீட்டு ஆடினார். ஏமாற்றுவார். "எறங்கு எறங்கு" என்று அவன் கத்தும்போது, "அவங்கிட்டக் கேளு, நான் என்ன சீட்டு வச்சிருக்கேன்னு" என்பார். அவனுக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் அவன் ஒன்றும் அவ்வளவு பெரிய ஆளில்லை என்று எனக்குப் பட்டது.

டாக்டரும் நானும் மறுபடி உட்கார்ந்து மருந்தைக் கொஞ்சம் ஏற்றினோம். முன்னளவுக்கு இல்லை. கை இப்போது ஏறக்குறைய நடுங்காமல் நிற்கிறது.

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றாகத்தான் என் கைக்கு வந்தன. முதலாவதைப் படித்துவிட்டு, கோயிலுக்கு வரவே வேண்டாம் என்று உங்களுக்கு எழுத ஆரம்பித்தேன். பிறகு இரண்டாவதைப் படித்தேன். நிறுத்தம்வரை போய்த் திரும்பியதை நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம். எழுதினீர்கள்.

கடையில் ஒத்திகை நடக்கிறது. சோளமாவு மூட்டைதான் பிள்ளை. ஸ்லாவ்கோ மேசைத்துணியைப் போர்த்திக்கொண்டு சாமியார். "சாத்தானை விட்டுவிடுகிறாயா?" என்று அவர் கேட்டால் நான் பதில் சொல்வதற்குள் காப்பி குடிக்க வந்தவர்கள் எல்லாம் "விட்டுவிடுகிறேன்!" என்று கத்துகிறார்கள். அந்தக் கிழவி மட்டும், "நான் யோசிச்சுச் சொல்றேன்" என்கிறாள்.

மொரேனாவுக்குப் போன் செய்தேன். ஆமாம், போன், என் காதில் இரண்டு பேரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு. "உனக்கு வேண்டாம்னா நீ சொல்லு, நான் வரல" என்றேன். "எல்வியோ வாக்குக் குடுத்திட்டாரு" என்றாள். அது சம்மதம் இல்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வருகிறேன். இடது பக்கம்.

நிவெஸ்

*

கோத்ரோய்ப்போ, 12 ஏப்ரல்

அன்புள்ள நிவெஸ்,

நீ அன்றைக்கு ஞானஸ்நான விருந்தில் உட்காராமல் மூன்று மணிப் பேருந்தில் போய்விட்டாய். சர்க்கரை பூசிய பாதாமில் உன் பங்கை நான் தின்றுவிட்டேன். உனக்கு முன்பக்கம் நடந்தது தெரியும். முதுகுப் பக்கம் நடந்ததை நான் சொல்கிறேன்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் நன்றாகத்தான் பதில் சொன்னாய். மூன்றாவதாக தோன் கலிஸ்தோ சாமியார், "எல்லாத் தீமைக்கும் வேரான சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்றார். எல்வியோ, "விட்டுவிடுகிறேன்." மொரேனா, "விட்டுவிடுகிறேன்." நீ ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உன் பின்கழுத்து மட்டும்தான் தெரிந்தது. அது விறைத்து நின்றது. கோயிலில் இருமுகிறவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டார்கள். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "விட்டு" வரைக்கும் நாக்கில் வந்துவிட்டது. கடித்தேன். இன்னும் புண் ஆறவில்லை, சூப் குடித்தால் எரிகிறது.

அப்போது மொரேனா பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். பேசாதே என்றாய்; பிடுங்க விடாதே என்றாய். எப்படி என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பிரேக் மிதிப்பது. அவள் காலை மிதித்துவிட்டேன். புதுச் செருப்பு.

அந்த நேரத்தில்தான் நீ மணிக்கூண்டுப் புறாக்கள் எழும்பும்படி சொன்னாய்:

"இப்ப முடியாது! ஆறு மணிக்கு வா!"

சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று கேட்டதற்கு நம் ஊர்க் கோயிலில் இப்படி ஒரு பதில் வந்ததில்லை. வாலிபால்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். தோன் கலிஸ்தோவுக்குக் காது மந்தம். "என்னம்மா சொன்னே?" என்றார். நீ மூச்சை இழுத்து, "விட்டுவிடுகிறேன் சாமி. மொத்தமா" என்றாய். தெளிவாக. பிள்ளை உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. உன் கையை எட்டிப் பார்த்தேன். மேசையில் வைத்த கல் மாதிரி இருந்தது.

நீ போன பிறகு கடைத்தெருவில் இதே பேச்சு. ஒயின்கடைக்குள் நுழைந்தால் பெரீனோ, "என்ன ஒலீவோ, ஆறு ஆகப்போவுது, வீட்டுக்குப் போகல? விருந்தாளி வர்றாராமே, வாலோட?" என்றான். கடையே சிரித்தது. முன்பானால் நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டில் வந்து சாப்பிடாமல் படுத்திருப்பேன். "வந்தா உக்காரச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றேன். "எம் பொண்ணு அவனுக்கே நேரம் குறிச்சு வரச்சொன்னவ. நீ உம் பொண்டாட்டிகிட்ட அரை மணி நேரம் கேட்டு வாங்கு பாப்போம்." அதற்குப் பிறகு கடை பெரீனோவைப் பார்த்துச் சிரித்தது. வெள்ளை ஒயின் அன்றைக்கு ருசியாக இருந்தது.

இனி வருத்தமான பாகம். சாமியாருக்கும் குடும்பத்துக்கும் நீ மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டுமாம். இனி பிள்ளையைத் தூக்குவதில்லை என்று ஒரு வரியும் சேர்க்க வேண்டுமாம். எல்வியோ சொல்லச் சொன்னான், மொரேனா பின்னால் நின்றாள். சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

இது நான் சொல்வது: எழுதாதே.

அப்பா

*

திரியெஸ்தே, 17 ஏப்ரல்

அப்பா,

நீங்கள் பார்க்காததைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு கேள்விக்கும் அவன் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தான். பழக்கம்தான். மூன்றாவது கேள்வியில், "இந்தப் பிள்ளைக்கும் டிக்கெட் இல்ல. ரெண்டு பேரும் எறங்குங்க" என்றான். இத்தனை வருடத்தில் அவன் என்னை மட்டும்தான் இறக்குவான். பிள்ளையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வந்தது பயம் இல்லை, அப்பா. கோபம். மனசுக்குள் சொல்ல வேண்டியது வாய்க்கு வந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. அந்தக் கோயிலில் அத்தனை பேர் அன்றைக்கு விட்டுவிடுகிறேன் என்றார்கள். அந்த நிமிடத்தில் நிஜமாகவே ஒருவனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

ஆனால் நீங்கள் மொரேனாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். காலை மிதித்தது தப்பு. பெற்றவள் பயப்படுவாள். அவள் பயத்தை நான் முட்டாள்தனம் என்று சொல்லவில்லை. அது எனக்குத் தீர்ப்பாக ஆகக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

அவளுக்கே நேராக எழுதியிருக்கிறேன். நீங்கள் நடுவில் தபால்காரராக ஓட வேண்டாம், மூச்சு வாங்கும். அவன் யார், என்ன சொல்வான், நான் என்ன செய்வேன், சறுக்கும்போது எப்படித் தெரியும், எல்லாம் எழுதிவிட்டேன். சறுக்குகிற நாளில் நானே பிள்ளைப் பக்கம் வரமாட்டேன் என்றும் எழுதினேன். கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறேன்: மே மாதம் முதல் ஞாயிறு நான் வருகிறேன், அவளும் எல்வியோவும் வெளியே எங்காவது போய்வரட்டும், பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். வந்து பார்த்துவிட்டு, கொண்டுவந்த பொம்மையைக் கொடுத்துவிட்டுப் போகும் விருந்தாளி இல்லை நான். பங்குக் கோயில் பதிவேட்டில் என் பெயர் இருக்கிறது.

மாட்டேன் என்றால் அடுத்த மாதமும் கேட்பேன். அதற்கடுத்த மாதமும்.

நிவெஸ்

*

கோத்ரோய்ப்போ, 25 ஏப்ரல்

அன்புள்ள நிவெஸ்,

மன்னிப்புக் கேட்டாயிற்று. "பரவாயில்ல மாமா" என்றாள், காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டே.

உன் கடிதத்தை அவள் சமையலறையில் வைத்துப் படித்தாள். அடுப்பில் சோளமாவுப் பொலெந்தா அடியில் பிடித்தது. கிளறாமல் படித்தாள். முடித்துவிட்டு, "இவ்வளவையும் அவங்களே எழுதினாங்களா?" என்றாள். "யாரு எழுதுவா, நானா? எனக்குக் கால்புள்ளி எங்க வைக்கிறதுன்னே தெரியாது" என்றேன். இரண்டு நாள் இப்படியே போயிற்று. கடிதம் மட்டும் உப்பு ஜாடியடியிலிருந்து அவள் ஏப்ரன் பைக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது.

நேற்றுச் சொன்னாள்: "வரட்டும். நாங்க எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்துர்றோம். ஆனா நீங்க பக்கத்துலயே உக்காந்திருக்கணும் மாமா. கண்ண எடுக்கக் கூடாது."

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும். ஆனால் நான் சொன்னது என்னுடையது. "மாட்டேன்" என்றேன்.

"என்னது?"

"எல்வியோ பிள்ளையப் பாத்துக்கிறப்போ நான் பக்கத்துல உக்காந்திருக்கேனா? அவன் பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு ஃபுட்பால் பாக்குறான். கோல் விழுந்தா குதிக்கிறான். போன வாரம் பிள்ளை லாம்பு ஷேடு வரைக்கும் போயிட்டு வந்துச்சு. அவனுக்குக் காவல் போட்டியா?"

எல்வியோ செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டான்.

"அது வேற மாமா" என்றாள் மொரேனா.

"வேறதான். இவ தனக்கு என்ன ஆகும்னு உனக்கு எழுதிக் குடுத்திருக்கா. அவன் குடுத்தானா? நான் குடுத்தேனா? நான் பக்கத்துல உக்காந்தா அவ பிள்ளையப் பாக்க மாட்டா, நான் அவளைப் பாக்கிறத பாத்துக்கிட்டிருப்பா. அஞ்சு வருஷம் அப்படித்தான் இருந்தோம். அதுல யாரும் குணமாகல."

அவள் கோபித்துக்கொண்டு மேலே போய்விட்டாள். கதவைச் சாத்திய சத்தத்தில் ஒரு ஓடு நகர்ந்தது, நான் ஏறாமலேயே. இன்று காலையில் இறங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "பால் பாட்டில் எங்க இருக்கும்னு அவங்களுக்குச் சொல்லிருங்க" என்றாள். நான் சொல்ல மாட்டேன். அவளே உனக்கு எழுதுவாள். எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. எனக்கும் போகவில்லை. உனக்கும் இருக்கும் என்று தெரியும், நீ எழுதமாட்டாய். பிள்ளைக்கு மட்டும்தான் இந்த வீட்டில் பயம் இல்லை.

ஆகவே முதல் ஞாயிறு வா. நீ வரும்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன். பெரீனோவோடு ஒயின்கடையில் பிரிஸ்கோலாச் சீட்டு ஆடிக்கொண்டிருப்பேன். அங்கிருந்து பார்த்தால் நம் வீட்டு ஜன்னல் தெரியும். அதனால் சுவரைப் பார்த்த நாற்காலியை இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, என்ன சீட்டு இறங்கியது என்றும் தெரியாது. பெரீனோ என்னை உரித்துத் தொங்கவிடுவான். ஒரு ஆட்டம், இரண்டு ஆட்டம், எல்லா ஆட்டமும் தோற்பேன்.

தோற்றாலும் எழுந்து வரமாட்டேன்.

அப்பா